உங்கள் அத்தையின் விசாப் படம்

பேரன்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுகிறேன். நானும் உங்கள் அத்தையும் இங்கே சௌக்கியம். அங்கே நீங்களும் பாப்பாவும் சௌக்கியம் என்பதை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துகொண்டுவிட்டதால், உங்கள் நலம் அறிய ஆவலாக இருக்கிறேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். பொய் எதையும் இனி அனுப்புவதில்லை என்று சமீபத்தில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் போனை எடுத்தால் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, நான் தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியில் வாங்கித் தானே முடித்துவிடுகிறாள். கடிதத்தில் அந்த வசதி அவளுக்கு இல்லை. ஸ்டுடியோ கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். வெளியே 'சற்று நேரத்தில் வருகிறேன்' பலகை தொங்குகிறது.

இதோடு ஒரு சின்ன உறை வைத்திருக்கிறேன். அதற்குள் உங்கள் அத்தையின் படம் இருக்கிறது. கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, பாப்பா வேலையிலிருந்து வந்து சாப்பிட்டு நிதானமாக இருக்கும் நேரம் பார்த்து, அதை அவளிடம் நீங்கள்தான் காட்ட வேண்டும். பதற்றப்பட ஒன்றுமில்லை. அத்தைக்கு உடம்புக்கும் ஒன்றுமில்லை. நாங்கள் விமானத்திலிருந்து இறங்குவதற்கு முன்னால் பாப்பா அந்தப் படத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஏன் என்று சொல்வதற்கு விசாவிலிருந்து தொடங்க வேண்டும்.

சுற்றுலா விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று நீங்கள் விவரமாக எழுதி அனுப்பியது வந்து சேர்ந்தது. ஸ்டுடியோ பிரின்டரில் அச்செடுத்தேன். எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். கல்யாண ஆல்பத்துக்கு வைத்திருந்த மை தீர்ந்துபோயிற்று. இரண்டு பேரும் அதை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு படித்தோம். நான் படிக்க, அத்தை தீர்ப்புச் சொல்ல, நடந்தது. பாஸ்போர்ட் ஊர் திரும்பிய பிறகும் ஆறு மாதம் உயிரோடு இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. "நாம இருப்பமான்னு கேக்கலியா?" என்றாள். பயணக் காப்பீடு எடுக்க வேண்டும், அங்கே வந்து காலை ஒடித்துக்கொண்டாலோ, அதற்கு மேல் ஏதாவது ஆகிவிட்டாலோ, ஊர் கொண்டுவந்து சேர்க்கும் செலவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று படித்தேன். "கிளம்புறதுக்கு முன்னாடியே என்ன ஒரு நல்ல வார்த்தை" என்றாள். ஆனால் எடுத்துவிட்டோம். வங்கிக் கணக்கு விவரம், வீட்டு வரி ரசீது, ஸ்டுடியோவின் உரிமப் பத்திரம், நீங்கள் எழுதிய அழைப்புக் கடிதம், திரும்பி வரும் டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, அந்தக் கோப்பை ஒரு பையில் போட்டு, அந்தப் பையை எங்கே வைத்தோம் என்று ஒரு மாலை முழுக்கத் தேடினோம்.

என்றைக்கு எங்கே இருப்பீர்கள் என்று பயணத் திட்டம் கேட்டிருந்தார்களே, அதில் ஒரு சிக்கல் வந்தது. முதல் நாள் எங்கே என்று அத்தையைக் கேட்டேன். பாப்பா வீட்டில் என்றாள். அடுத்த நாள்? பாப்பா வீட்டில். அதற்கடுத்த நாள் கேட்டதற்கு, "உங்களுக்குக் காது கேக்கலியா?" என்றாள். நானும் ஒவ்வொரு வரியிலும் 'மகள் வீடு, மகள் வீடு' என்று எழுதிக்கொண்டு போய் டிராவல்ஸ்காரரிடம் நீட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார். "சார், இது சுற்றுலா விசா. எதையாவது சுத்திப் பாக்கணும். ஒரு அருவி, ஒரு அருங்காட்சியகம், ஏதாவது போடுங்க" என்றார். வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். "அருங்காட்சியகத்துல என்ன இருக்கும்? பழைய சாமான் இருக்கும். அதைத்தான் தினமும் உங்க ஸ்டுடியோவுல தூசி தட்டிட்டிருக்கேனே" என்றாள். கடைசியில் அருவிக்குச் சம்மதித்தாள், தூரத்தில் நின்று பார்ப்பதாக இருந்தால்.

விண்ணப்பத்தில் கேள்விகள் வேறு. எந்த நாட்டின் ஆட்சியையாவது கவிழ்க்க முயன்றதுண்டா, ஆயுதக் கும்பல் எதிலாவது உறுப்பினரா, இப்படியெல்லாம். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று கட்டத்தில் குறி போட வேண்டும். நான் கொஞ்சம் யோசித்தேன். எதையும் யோசித்துவிட்டு எழுதுவது என் பழக்கம். உள்ளே இருந்து அத்தையின் குரல் வந்தது. "இதுக்கு என்ன யோசனை? இல்லன்னு போடுங்க. நம்ம குடியிருப்போர் சங்கத் தலைவரையே உங்களால மாத்த முடியல." போட்டுவிட்டேன்.

இதெல்லாம் மற்றவர்களைப் போல நமக்கும் கஷ்டம், ஆனால் படம் மட்டும் நமக்குக் கஷ்டமே இல்லை என்று நினைத்தேன் மாப்பிள்ளை. அங்கேதான் சறுக்கினேன். இந்த ஊரிலிருந்து வெளிநாடு போனவர்களில் பாதிப் பேர் என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டுத்தான் போனார்கள். விசாப் படத்துக்கு உள்ள விதிகள் எனக்கு மனப்பாடம். பின்னால் வெள்ளைத் திரை. முகம் நேராக. நிழல் விழக் கூடாது. கண்ணாடி போடக் கூடாது. இரண்டு காதும் தெரிய வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும், சிரிக்கவே கூடாது. படத்தில் எந்தத் திருத்தமும் செய்யக் கூடாது. இந்தக் கடைசி விதி தொழில் தெரியாதவர்களுக்காக எழுதப்பட்டது என்று நான் எப்போதும் எடுத்துக்கொள்வேன். ஸ்டுடியோவுக்கு வருகிற ஆளின் முகத்தில் வெயில் இருக்கும், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பு இருக்கும், வீட்டில் போட்ட சண்டை இருக்கும். அதையெல்லாம் துடைத்துக் கொடுப்பதற்குப் பெயர் டச்சப். முகம் கழுவிவிடுவதைப் போலத்தான் அதுவும். வாடிக்கையாளர்களுக்கு ஒரு துளி செய்வேன். யாருடைய படமும் திரும்பி வந்ததில்லை. சொந்தப் பெண்டாட்டிக்குத் துளி போதுமா, நீங்களே சொல்லுங்கள்.

அத்தையை உட்கார வைத்தேன். விளக்குகளைப் போட்டேன். கேமராவுக்குப் பின்னால் போய் நின்றதும் என் வாய் தன்னால் திறந்து, "கொஞ்சம் சிரிங்க மேடம்" என்றது. அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்றேன். சரி என்றாள். மறுபடியும் கண்ணை வைத்தேன், மறுபடியும் வாய் அதையே சொன்னது. இத்தனை வருஷத்துப் பழக்கம், கட்டுப்படுத்த முடியவில்லை. அவளுக்கோ அந்தக் குரலைக் கேட்டாலே சிரிப்பு. "இவ்வளவு தேன் ஒழுக ஒரு நாளாவது எங்கிட்டப் பேசிருக்கீங்களா? வர்றவங்ககிட்ட மட்டும் தினமும் ஊத்துறீங்க" என்றாள். படம் எடுத்தபாடில்லை. நான் பொறுமை இழந்து போய், அவள் தாடையைப் பிடித்து இப்படித் திருப்பி, தோளை அப்படி அழுத்தி, பொம்மையை நிறுத்துவது போல நிறுத்தினேன். அதில் அவளுக்குக் கோபம் வந்து வாயை மூடிக்கொண்டாள். அந்த நொடியில் எடுத்தேன். விசாவுக்கு அதைவிடப் பொருத்தமான முகம் அமையாது.

பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைக் கொஞ்சம் எடுத்தேன். ஒரு பக்கம் எடுத்தால் இன்னொரு பக்கமும் எடுக்க வேண்டுமே. வாயோரக் கோடுகளைக் குறைத்தேன். கழுத்தை ஒரு தடவு தடவினேன். காதோர நரையை இருட்டாக்கினேன். தாடையில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. லென்ஸில் தூசி என்று நினைத்துத் துடைத்தெடுத்தேன். எழுந்து நின்று பார்த்தேன். என் கையை நானே மெச்சிக்கொள்ளும்படி இருந்தது. அத்தை பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "ம்" என்றாள். அந்த 'ம்' என்ன 'ம்' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

விசா மையத்துக்குப் போனோம். எங்கே பார்த்தாலும் கண்ணாடி, வரிசையாகத் தரையோடு பூட்டிய நாற்காலிகள், டோக்கன் எண்ணைக் கூப்பிடும் ஒரு பெண் குரல், உடம்பெல்லாம் நடுங்கும் ஏ.சி. எல்லாரும் மடியில் கோப்பை வைத்துக்கொண்டு பரீட்சைக்கு வந்த பிள்ளைகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் எண் வந்தது. கவுன்ட்டரில் ஒரு பெண்மணி, சால்வையைப் போர்த்திக்கொண்டு, சளிப் பிடித்த குரலில் பேசினார். கோப்பை ஒவ்வொரு தாளாகப் புரட்டி முத்திரை குத்திக்கொண்டே வந்தவர், அத்தையின் படத்தில் நின்றுவிட்டார். படத்தைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"இது உங்க பொண்ணு படமாம்மா? மாத்தி வச்சிட்டீங்களா?"

"நான்தாங்க" என்றாள் அத்தை.

"ஆறு மாசத்துக்குள்ள எடுத்த படம்தான் வைக்கணும். இது எந்தக் காலத்துல எடுத்தது?"

எனக்குச் சுருக்கென்றது. "போன வாரம்தான் எடுத்தேன் மேடம்" என்றேன். "எங்க ஸ்டுடியோவுலயே" என்று கண்ணாடியின் கீழிருந்த சந்து வழியாக என் கார்டையும் நீட்டினேன். யாரிடம் சொன்னாலும் புத்திகெட்ட வேலை என்பார்கள், ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெண்மணி கார்டைக் குனிந்து பார்த்துவிட்டு, அதைத் தொடாமலேயே ஒரு பக்கமாக ஒதுக்கிவைக்க முடியுமானால் ஒதுக்கிவைத்திருப்பார். பிறகு விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"அடையாளம்ங்கிற இடத்துல இடது தாடையில மச்சம்னு எழுதிருக்கு. அம்மாவுக்கு மச்சம் இருக்கு. படத்துல இல்லையே?"

அந்த வரியை எழுதியது நான்தான் மாப்பிள்ளை. அத்தை சொல்லச் சொல்ல என் கையாலேயே எழுதினேன். அது காகிதத்தில் இருந்த மச்சம். படத்தில் இருந்தது வேறு ஏதோ என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். "தூசின்னு நெனச்சிட்டேன்" என்றேன். அத்தை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அவரைக் குத்தம் சொல்லாதீங்கம்மா" என்று அத்தை அந்தப் பெண்மணியிடம் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரரிடம் அரிசி விவரம் சொல்வதைப் போலச் சொன்னாள். "அவர் கண்ணுல நான் கல்யாணத்தன்னைக்கே நின்னுட்டேன். அதுக்கப்புறம் அவர் என்னைப் பாக்கல. மச்சம் அன்னைக்கும் இருந்துச்சு. அன்னைக்கும் சரியாப் பாக்கல போல."

அந்தப் பெண்மணி சிரித்துவிட்டு, சிரித்ததை இருமலாக மாற்றிக்கொண்டார். என் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, அத்தையுடையதை மட்டும் திருப்பிக் கொடுத்தார். "எப்படி இருக்கீங்களோ அப்படியே ஒரு படம் எடுத்துட்டு வாங்கம்மா. டைம் இருக்கு" என்றார். பின்னால் இருந்த ஒருவர் எனக்கு வழிவிட்டபோது என் தோளைத் தட்டிக் கொடுத்தார். ஆறுதல் சொன்னாரா, கேலி செய்தாரா தெரியவில்லை.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். வசை விழும் என்று தயாராக இருந்தேன். வசை வந்திருந்தால் தேவலை. அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம் ரூட் பஸ் ஒன்று வந்து போயிற்று. ஏறலாமா என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. அப்புறம் கேட்டாள்: "ஏர்போர்ட்ல பாப்பா என்னை அடையாளம் கண்டுபிடிச்சிருவாளா?"

"பைத்தியமா உனக்கு? பெத்த தாயை யாராவது மறப்பாங்களா?" என்றேன்.

"மறக்க மாட்டா. ஆனா அவ தேடுறது நீங்க வருஷா வருஷம் அனுப்புற படத்துல இருக்கவளைத்தானே?"

உங்களுக்குத் தெரியும். பாப்பாவின் பிறந்த நாளுக்கு ஒவ்வொரு வருஷமும் நாங்கள் இரண்டு பேரும் ஸ்டுடியோ சோபாவில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அனுப்புவோம். அந்தப் படங்களை நான் எப்படி அனுப்பியிருப்பேன் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. முகம் பார்த்துப் பேசலாமே மாமா, வீடியோ போடுங்கள் என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? நெட் சரியில்லை என்று அத்தை ஒவ்வொரு முறையும் தட்டிக் கழித்தாள். நெட் நன்றாகத்தான் இருந்தது மாப்பிள்ளை.

"போன பிறந்த நாளைக்கு 'அம்மா, நீ மாறவே இல்ல, அப்படியே இருக்கே'ன்னா" என்று அத்தை சொன்னாள். "என்ன சந்தோஷம் அவ குரல்ல. போனை உங்க கையில குடுத்துட்டேன். இவ்வளவு தூரம் போய் அவ முன்னாடி திடீர்னு ஒரு கிழவியா நிக்கணுமா? பாவம், பயந்துருவா. நமக்கு என்ன ஆச்சோன்னு நெனப்பா. வேணாங்க. விசாவும் வேணாம் ஒண்ணும் வேணாம். போன்லயே பேசிக்கிறேன்."

பாப்பாவைப் பார்க்க வேண்டும் என்று இவள் எப்படித் தவித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வேலை, வீடு, காகிதங்கள் என்று இத்தனை வருஷமாக உங்களால் இங்கே வர முடியாமல் போனதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் டிக்கெட் போட்டு அனுப்பிய அன்று இவள் பெட்டியை எடுத்துத் துடைத்து, காலிப் பெட்டியையே மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள். அப்படிப்பட்டவள் இப்போது வேண்டாம் என்கிறாள், அதற்குக் காரணம் நான். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வருஷா வருஷம் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஒரு சுவரைப் பூசிக்கொண்டு வந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. அதைச் சொல்லவும் செய்தேன். "அழுவாதீங்க, பஸ் ஸ்டாப்பு" என்றாள்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். வர மாட்டேன் என்றாள். ஒரே ஒரு படம், பிடிக்காவிட்டால் கிழித்துப் போட்டுவிடலாம் என்று கெஞ்சினேன். கம்ப்யூட்டரின் ஒயரைப் பிளக்கிலிருந்து உருவி அவள் கையில் கொடுத்தேன். "இதை நீயே வச்சுக்கோ. எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல" என்றேன். ஒயரை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கேமராவில் கண்ணை வைத்தேன். வழக்கமாக நான் முகத்தைப் பார்க்கும்போதே எதை எடுக்கலாம், எதைக் குறைக்கலாம் என்று மனசு வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அன்றைக்கு அந்த வேலை இல்லை. பார்ப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. தாடையில் மச்சம் இருந்தது, அதில் ஒரு வெள்ளை முடியும் இருந்தது. புருவங்களுக்கு நடுவில் ஒரு நேர்க்கோடு. வலது இமை இடதைவிடக் கொஞ்சம் தாழ்ந்து கிடந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தடம். "நீ எப்போ கண்ணாடி போட ஆரம்பிச்ச?" என்று கேட்டேன். "பாப்பா கல்யாணத்துக்கு முன்னாடியே. கடைக்குக் கூட்டிட்டுப் போனதே நீங்கதான்" என்றாள். அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் களைத்துப்போன, கொஞ்சம் பிடிவாதமான, நேராகப் பார்க்கிற ஒரு பெண். எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. இதை மாப்பிள்ளைக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன். அன்றைக்கு என் வாய் 'சிரிங்க மேடம்' என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

ஒயரைத் திரும்ப வாங்கி, அவளைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு, கை வைக்காமல் அச்செடுத்தேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்தம்மா கொஞ்சம் கோவக்காரி போல" என்றாள். "ஆனா நம்பலாம்."

அப்புறம் அவளே சொன்னாள்: "பாப்பாவுக்கு முதல்ல இதை அனுப்புங்க. பாத்துட்டு அவ என்னா சொல்றான்னு பாத்துட்டு வர்றேன்." அப்படி வந்ததுதான் அந்த உறை.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதே பெண்மணிதான் இருந்தார், சளி இன்னும் விடவில்லை. படத்தையும் அத்தையையும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். பிறகு, திரும்பி வருவீர்கள் என்பதற்கு இங்கே என்ன பிடிப்பு இருக்கிறது என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்க வேண்டிய கேள்வியாம். நான் வீட்டு வரி ரசீதை எடுப்பதற்குள் அத்தை சொல்லிவிட்டாள்: "கேஸ் அடுப்பை மூடிட்டு வந்தமா இல்லையான்னு அங்க போய் உக்காந்தா தூக்கம் வராதும்மா. வந்து பாத்துத்தானே ஆகணும்." அந்தப் பெண்மணி எதையோ எழுதிக்கொண்டார். பதிலாக அதையே எழுதிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். படத்தைக் காட்டும்போது பாப்பா அழுவாள். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாள். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, வருஷங்கள் ஆகியிருக்கின்றன, அதை அப்பா உன்னிடமிருந்து மறைத்துவிட்டார் என்று சொல்லுங்கள். பழியை முழுக்க என் மேலேயே போடுங்கள், தாராளமாக. அழுது முடித்ததும் அம்மாவுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். "மாறவே இல்ல" என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஒரு போன் வந்துவிட்டால் அத்தை பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்துவிடுவாள். இந்த வயதில் ஒருவன் திருந்துவது கஷ்டம் என்பார்கள். நான் திருந்திவிட்டேன். இனி எந்த முகத்தின் மேலும் என் கை படாது. ஊருக்கெல்லாம் இதைச் சொல்லலாம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனம் கோணாமல், நல்ல வெளிச்சத்தில் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். பாப்பாவின் நெற்றியில் என் சார்பில் ஒரு முத்தம் கொடுப்பதை உங்கள் பொறுப்பில் விடுகிறேன். நாங்கள் இருவரும் சேர்ந்தே வந்து இறங்குகிறோம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
மாமா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குப் பசையைத் தேடிக்கொண்டிருந்தபோது கூரியர்காரர் கதவைத் தட்டினார். பாஸ்போர்ட்டுகள் வந்துவிட்டன. அத்தையுடையதில் விசா ஒட்டி வந்திருக்கிறது. என்னுடையதில் ஒரு தாள் செருகி வந்திருக்கிறது. 'படத்தில் திருத்தம் செய்யப்பட்டுள்ளது. விண்ணப்பதாரரின் தோற்றத்தோடு பொருந்தவில்லை. புதிய படத்துடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்.' மாப்பிள்ளை, என் படத்தைப் பற்றி மேலே எங்கும் நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அத்தையின் முதல் படத்தைத் தயார் செய்த அன்றே என்னுடையதையும் தயார் செய்தேன். முன் தலையில் கொஞ்சம் முடி போட்டேன். கொஞ்சம்தான். அதுவும் ஒரு காலத்தில் அங்கேயே குடியிருந்த முடிதான், வெளியிலிருந்து கொண்டுவந்தது இல்லை. கவுன்ட்டரில் அந்தப் பெண்மணி அத்தையின் மச்சத்திலேயே மும்முரமாக இருந்ததால் என் படம் அப்போது தப்பிவிட்டது. அதை என் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். திருந்திவிட்டேன் என்று மேலே எழுதியதை அந்தப் படத்துக்குப் பிந்தியதாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். சேர்ந்தே வருகிறோம் என்பதையும் அடித்துவிடுங்கள். டிக்கெட் தேதிக்குள் என் காகிதம் முடியாது. அத்தை தனியாக வருகிறாள், நான் பின்னாலேயே வருகிறேன்.

அத்தையை ஸ்டுடியோவுக்கு வரவழைத்துத் தாளைப் படித்துக் காட்டியதும் அவள் திட்டவில்லை. சோபாவில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் எழுந்து விளக்குகளைப் போட்டு, கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, "உக்காருங்க" என்றாள். கேமராவை இதுவரை அவள் துடைத்ததோடு சரி, பிடித்ததே இல்லை. "கொஞ்சம் சிரிக்காம இருங்க சார்" என்று என் குரலிலேயே சொல்லிவிட்டுக் கண்ணை வைத்தாள். வைத்தவள் வைத்தபடியே இருந்தாள். படம் எடுக்கிற சத்தமே வரவில்லை. பட்டனைத் தேடுகிறாயா என்று கேட்டேன். கேமராவைக் கீழே இறக்கிவிட்டு வெறும் கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க ரெண்டு காதும் ஒரே மட்டத்துல இல்லையே. எப்பலருந்து இப்படி?"

"பொறந்ததுலருந்தே" என்றேன்.